தறி எண்ணெய்

"கிறீச் கிறீச்சுன்னு சத்தம் போட்டுது அம்மணி. உனக்குத் தலை வலிக்குதேன்னு ரெண்டே சொட்டுதான் உட்டுப்போட்டேன்."

"ஏனுங்க, கம்ப்யூட்டர் ஃபேனுக்குப் போய்த் தறி எண்ணெய் உடுவாங்களா?"

கதிரேசன் டார்ச்சை இன்னும் கிட்டத்தில் பிடிக்கிறான். ஒவ்வொரு பாகமாக வாங்கி அவன் மனைவி ரித்திகா தன் கையாலேயே பூட்டிய கம்ப்யூட்டர், பக்கவாட்டுத் தகடு கழற்றப்பட்டுச் சாப்பாட்டு மேசைமேல் படுத்திருக்கிறது. காலையில் வேலை நடுவே சூடேறி மூன்று முறை அணைந்தது, பிறகு உயிர் வரவே இல்லை. அவள் முதன்முதலாகச் சொந்தமாக வரைந்த சேலை பார்டர் அதற்குள் மட்டும்தான் இருக்கிறது. மதியத்துக்குள் அனுப்பியாக வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் அவனுடைய தறிகள் ஓயாமல் அடிக்கின்றன. அங்கிருந்து பறந்து வந்த பஞ்செல்லாம் எண்ணெயில் ஊறி, மழையில் நனைந்த கோழிக்குஞ்சின் இறகுபோல் ஃபேனைச் சுழலவிடாமல் அப்பியிருக்கிறது. பழைய டூத் பிரஷால் அதை மெல்ல வழித்தெடுக்கிறாள். அவன் மீசையிலும் ஒரு பஞ்சு. சிரிப்பை அடக்கிக்கொண்டு ஊதிவிடுகிறாள். டார்ச் வெளிச்சம் ஒருமுறை ஆடி நிற்கிறது. விரல் பட்டதும் ஃபேன் சத்தமில்லாமல் சுழல்கிறது. தகட்டை மூடி, ஒயரைச் சொருகிவிட்டுக் கைகளைச் சேலையில் துடைத்துக்கொள்கிறாள்.

"எண்ணெய் உட்ட கையாலயே பட்டனையும் நீங்களே அமுக்குங்க."