ஏழாவது டீ

சிவனாண்டி காவல் நிலையத்தில் இறந்து ஐம்பத்திரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. ஜன்னல் கம்பியில் லுங்கியைக் கட்டித் தானே தூக்கு மாட்டிக்கொண்டான் என்றது போலீஸ். நிலையத்துக்கு எதிரே, பேச்சியம்மாளின் டீக்கடை பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார் இன்னாசி. சிவப்புத் துண்டோடு இரண்டு முறை எம்.எல்.ஏ. ஆனவர், மைக் இல்லாமலே மைதானத்தை அதிரவைத்தவர். இப்போது மனித உரிமைக் குழுவுக்காக ஊர் ஊராகப் போய் விசாரிக்கிறார். நிலையத்துக்குள் டீ கொண்டுபோகிறவள் பேச்சியம்மாள்தான் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் எதுவும் கேட்கவில்லை. பேனா மூடியபடியே சட்டைப் பையில் இருந்தது.

“தோழர், இது ஏழாவது டீ. சுகர் இருக்குன்னீங்க,” என்றாள் அவள்.

“சீனியைக் குறைச்சுப் போடு தாயி.”

“உள்ள பாத்ததைச் சொன்னா கடையை எடுத்துருவாங்க. ஒண்ணும் ஆகாதுன்னாவது சொல்லுங்களேன்.”

“வாக்குறுதி குடுக்குற வேலையை விட்டுட்டேன். எடுத்தாங்கன்னா ரோட்டுல உன்கூட வந்து உக்காருவேன்.”

அவள் கிளாஸை நீட்டினாள். அவர் பிடித்த பிறகும் கையை எடுக்கவில்லை.

“அவனால இதைப் புடிக்க முடியல, தோழர். ரெண்டு கையும் ஒடிஞ்சு தொங்குச்சு. நான்தான் வாயில ஊத்திவிட்டேன்.”