மீசைக்குப் பூசிய மை

அருப்புக்கோட்டை ஜெராக்ஸ் கடையை ஒட்டிய சின்ன அறையில் ஃபேன் கிரீச்சிட்டுச் சுற்றுகிறது. நாலு பேரிடம் விசாரித்துச் செல்வலட்சுமி கண்டுபிடித்த இன்சூரன்ஸ் ஏஜென்ட் யேசுதாசன் எதிரே உட்கார்ந்திருக்கிறார். அரசாங்கக் காப்பீட்டுக் கார்டுக்கு மேல் ஆகிற வைத்தியச் செலவுக்கு இன்னொரு பாலிசி போட வந்திருக்கிறாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, சொந்த ஊரான பரளச்சியின் வெயிலையும் தோற்கடிக்கிற வெயிலில், அவள் புருசன் ஜெயபாண்டி நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறான். ஆளைப் பார்த்துத்தான் ஏஜென்ட் சம்மதிப்பார் என்று நம்பி, நரைத்த மீசைக்குக் கண்மை பூசி, கல்யாணச் சட்டையை மாட்டிவிட்டவள் அவள்தான். காலருக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் போகும். யேசுதாசன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஈரல் ஸ்கேனை மட்டும் படிக்கிறார்.

“வருசத்துக்குப் பதினெட்டாயிரம் தாயி. ஆனா ஏற்கெனவே இருக்குற நோவுக்கு மூணு வருசம் கழிச்சுத்தான் பணம் கெடைக்கும்.”

“டாக்டரு ஆறு மாசந்தான் சொல்லியிருக்காக அண்ணாச்சி. வெளிய நிக்குற அவுகளுக்கு அது தெரியாது.”

யேசுதாசன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைக்கிறார். ஸ்கேன் கவரை அவளே எடுத்துக்கொண்டு வெளியே வருகிறாள்.

“என்னடி, ஆளு பாஸா?”

“மூணு வருசத்துக்குப் பெறகு எல்லாச் செலவையும் அவுகளே பாத்துக்கிருவாகளாம்.”

“மூணே வருசந்தானா? கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள ஓடிருமே!”

சிரிக்கிற அவன் உதட்டில் வேர்வையோடு மை இறங்குகிறது. முந்தானையால் துடைக்கிறாள். துடைக்கத் துடைக்க நரைதான் தெரிகிறது.