வலிக்காத தோள்

மூன்றே மாதத்தில் இளவேனில் வீசும் பந்தின் வேகம் மணிக்கு எழுபது கிலோமீட்டரிலிருந்து தொண்ணூற்றைந்துக்கு ஏறிவிட்டது. அவளுடைய சாஃப்ட்பால் அணியில், பதினான்கு வயதில், வேறு யாருக்கும் அந்த வேகம் கிடையாது. "எல்லாம் ஸ்லீவோட வேலைதான்" என்றார் கோச். தோளிலிருந்து மணிக்கட்டு வரை இறுக்கிப் பிடிக்கும் அந்த உறை, அவள் படிக்கும்போதும் தூங்கும்போதும் தசைக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டே இருந்தது. அணியில் எல்லோருக்கும் அதை மாட்டிவிட்டு, போட்டிகள் முடியும்வரை கழற்றக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்.

அம்மா செண்பகத்துக்குத்தான் மனசு ஒப்பவில்லை. முன்பெல்லாம் பத்துப் பந்து வீசினாலே தோளைப் பிடித்துவிடச் சொல்லும் மகள், இப்போது நூறு வீசிவிட்டு வந்தும் வாய் திறப்பதில்லை.

அன்று காலை அடுப்பிலிருந்த தோசைக்கல்லில் ஸ்லீவ் மாட்டியிருந்த இளவேனிலின் வலது கை பட்டது. கையை எடுக்காமல் பேசிக்கொண்டே நின்றாள். செண்பகம் பாய்ந்து இழுத்தாள். உள்ளங்கை வெந்திருந்தது.

"சூடு தெரியலையாடி?"

"இல்லையேம்மா."

செண்பகம் ஸ்லீவின் கொக்கிகளை அவிழ்த்து உருவினாள். சற்று நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு இளவேனில் தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டாள்.

"போட்டு விடும்மா! திரும்பப் போட்டு விடு!"

செண்பகம் போடவில்லை. மகளை மடியில் கிடத்திக்கொண்டு, அணியில் ஆடும் இன்னொரு பெண்ணின் அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, காரணம் அப்புறம் சொல்றேன். உங்க பொண்ணோட ஸ்லீவைக் கொஞ்சம் கழட்டிப் பாருங்க."

போனைக் காதிலிருந்து எடுக்காமல் காத்திருந்தாள். அந்தப் பக்கமும் ஒரு குழந்தை அலறியது.