அவன் வீட்டுப் பச்சைத் தண்ணி

"அந்த ஓணான் இங்க எதுக்கு வந்தான்? கதவைச் சாத்துங்க டாக்டரம்மா! இல்ல, வேண்டாம், திறந்தே இருக்கட்டும். நான் கிளம்பறேன்!"

கட்டிலில் இருந்த பெரியவர், கையில் ஏறிக்கொண்டிருந்த சலைன் ஊசியைப் பிடுங்கப் போனார். ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

ஈரல் கெட்டு, அது வடிகட்டாத நஞ்சு மூளைக்கு ஏறி, போன மாதம் பெற்ற மகளையே "யாரும்மா நீ?" என்று கேட்டவர் இவர். ஆரோக்கியமான ஒருவர் குடலில் வாழும் நல்ல கிருமிகளைப் பிரித்து மாத்திரையாக்கிக் கொடுத்தால் தெளிவு வரும் என்று டாக்டரம்மா வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்ட டாக்டர்கள் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அந்த மாத்திரையால் தெளிந்து எழுந்து உட்கார்ந்த முதல் ஆள் இவர்தான். பாதியில் எழுந்து போனால் மறுபடி மயக்கம். அப்புறம் மனிதரும் எழ மாட்டார், ஆராய்ச்சியும் எழாது.

"உங்க கூடப்பிறந்த தம்பிதானே. பாத்துட்டுப் போகலாம்னு வந்திருப்பார்" என்றார் மனைவி.

"தம்பியாம் தம்பி! இருந்த ஒரு வீட்டுக்கு நடுவுல சுவரை எழுப்பினவன். நான் போய்ச் சேர்ந்துட்டேனான்னு பாக்க வந்திருக்கான். கையில பாரு, டப்பா! சோத்தைக் காட்டி உறவு கொண்டாடப் பாக்கறான்!"

வெளியே நடைபாதையில் தம்பி துணிப்பையோடு அப்படியே நின்றுவிட்டார். பைக்குள் மூடி இறுக்கிய ஒரு டப்பா தெரிந்தது.

"கத்தாதீங்க. முதல்ல மாத்திரையை முழுங்குங்க, நேரமாச்சு" என்றார் டாக்டரம்மா.

"முழுங்கறேன். ஆனா ஒரு சத்தியம் பண்ணுங்க. அவன் வீட்டுப் பச்சைத் தண்ணிகூட என் வயித்துக்குள்ள போகக் கூடாது."

டம்ளரை நீட்டிய டாக்டரம்மாவின் கை அந்தரத்தில் நின்றது.

"உங்க சாப்பாடு, தண்ணி எல்லாம் ஆஸ்பத்திரி கிச்சன்லேர்ந்துதான் வருது. அதுக்கு நான் பொறுப்பு."

"நான் கேட்டது சத்தியம்."

"அதான் பொறுப்புன்னு சொல்றேனே!"

"என்னமோ மென்னு முழுங்கறீங்களே டாக்டரம்மா..." பெரியவர் போர்வையை உதறிவிட்டுக் காலைக் கீழே தொங்கவிட்டார். செருப்பைத் தேடினார்.

மனைவி செருப்பை எட்டி உதைத்தார். "போதும், அவங்களை இம்சை பண்ணாதீங்க. மயக்கமா கிடந்தப்போ நான் எவ்வளவு நிம்மதியா இருந்தேன் தெரியுமா?"

பெரியவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. டம்ளரை வாங்கி, மாத்திரைகளை ஒவ்வொன்றாக விழுங்கினார். கடைசி மாத்திரை இறங்கும்வரை டாக்டரம்மா மூச்சு விடவில்லை.

வெளியே வந்து கதவைச் சாத்தியதும் தம்பி ஓடி வந்தார்.

"அண்ணன் ரொம்பக் கோபமா இருக்காரா டாக்டர்?"

"வாய்க்கு வந்தபடி திட்டறார்."

"என்னன்னு? என்னன்னு திட்டினார்?"

"ஓணான்னார். வீட்டு நடுவுல சுவர் எழுப்பினவன்னார்."

தம்பியின் முகம் மலர்ந்தது. கண்களைத் துடைத்துக்கொண்டார். "சின்ன வயசுல அவர் எனக்கு வெச்ச பேர் அது, டாக்டர்! சுவர் வரைக்கும் ஞாபகம் வந்துடுச்சா? அப்ப நல்லாத் தேறிட்டார்!"

"தேறிட்டார். ஆனா இன்னும் கொஞ்ச நாளைக்கு மாத்திரை வேணும்."

"அதுக்கென்ன, தினமும் வரேன். என் பேரை மட்டும் சொல்லிடாதீங்க."

"யார் கொடுத்ததுன்னு சொல்லக் கூடாதுங்கறதுதான் எங்க விதியே. நீங்க உடம்பைப் பாத்துக்குங்க. இத்தனை பேரைச் சோதிச்சதுல தேறின ஒரே குடல் உங்களோடதுதான்."

டாக்டரம்மா இரண்டு கைகளிலும் கையுறையை மாட்டிக்கொண்டார். தம்பி பையிலிருந்து டப்பாவை எடுத்துக் கூச்சத்தோடு நீட்டினார்.

"காலையில போனது டாக்டர். அண்ணனோட அடுத்த மாத்திரைக்கு இவ்வளவு போதுமா?"

இனி அந்த அண்ணன், தம்பி வீட்டுப் பச்சைத் தண்ணியைக் குடித்தால் என்ன, குடிக்காவிட்டால்தான் என்ன? நீங்களே சொல்லுங்களேன்!