பச்சை முனைகள்

வால்தம்ஸ்டோ சந்தையில் பெப்ரவரி மாத வெயில் பூக்கடைத் தட்டுகளின் மேல் மெல்லிசாக விழுந்து கிடக்கிறது. மஞ்சள் பிரிம்ரோஸ், ஊதாக் குரோக்கஸ், நனைந்த மண்ணின் வாசனை. சிவகௌரி கைகளைக் கோட்டுப் பைக்குள் வைத்தபடி, தன் வீட்டுப் பின்வளவில் முதலில் பூக்கப்போகும் செடியைத் தேடி ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்க்கிறாள். பக்கத்தில் நிற்பவள் வதனி, அவளுடைய கணவனின் தங்கை. எட்டு மாதத்துக்கு முன் தன் சிறுநீரகம் ஒன்றைச் சிவகௌரிக்குக் கொடுத்தவள்.

"கனக்கக் குனியாதேங்கோ மச்சாள். உள்ளுக்கை இருக்கிறது என்ர கிட்னி."

"தந்த பிறகும் உனக்கு அதிகாரம் போகேல்லை" என்று சிவகௌரி சிரிக்கிறாள்.

டயாலிசிஸ் ஊசியோடு கிடந்த நான்கு வருடமும், பூத்து நிற்கும் செடியைத் தவிர வேறெதையும் அவள் வாங்கியதில்லை. மொட்டை நம்பிக் காத்திருக்க மனம் துணிந்ததில்லை. வதனிக்கு அது தெரியும். நன்றாக விரிந்த பிரிம்ரோஸ் ஒன்றை எடுத்து நீட்டுகிறாள். சிவகௌரியின் கண்ணோ அடுத்த தட்டிலிருக்கும் டஃபடில் தொட்டியில் நிற்கிறது. மண்ணைக் கீறிக்கொண்டு விரல் நீளத்தில் நாலைந்து பச்சை முனைகள். பூவின் சுவடே இல்லை.

"இது பூக்க இன்னும் ஒரு மாதம் செல்லும் மச்சாள்."

"செல்லட்டும். பூக்கிற அண்டைக்கு உனக்கு நண்டுக்கறி வைக்கிறன். கட்டாயம் சாப்பிட வா."

வதனி பிரிம்ரோஸைத் திரும்பத் தட்டில் வைக்கிறாள். டஃபடில் தொட்டியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறாள்.