ஒரே மெஷினில் ஆறு பேர்

மேடை வரவில்லை. பந்திக் கூடமும் வரவில்லை. மணமகள் அறை இருக்க வேண்டிய இடத்தில் திரையில் ஒரு வெள்ளைக் கட்டம் நின்றது.

"இன்னா சார், நேத்தும் இப்டித்தான இருந்துது," என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்த தாண்டவராயன். வல்லத்தில் அவர் குடும்பம் கட்டியிருக்கும் வள்ளியம்மாள் திருமண மகாலின் இணையதளம் அது.

தனசேகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறுபத்தெட்டு வயது. சென்னையில் முப்பத்தைந்து வருஷம் ஊரார் சர்வர்களைக் கட்டி மேய்த்துவிட்டு, செஞ்சிக்கு வந்தும் அதே வேலை. மகள் வெண்மதி திருவண்ணாமலை ரோட்டு மாடியில் கடை போட்டாள். இவர் வந்து உட்கார்ந்தார்.

மகாலின் வேலையை அவள் வாங்கி வந்தபோது இவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். நாம் அந்த வீட்டுக்குப் போவதில்லை. அவர்கள் இங்கே வரட்டும், இங்கே உட்காரட்டும்.

வந்தார்கள். உட்கார்ந்தார்கள். சார் என்றும் கூப்பிட்டார்கள்.

கோளாறு பெரிதில்லை. படங்களைத் தனி ஃபோல்டரில் வைத்தாயிற்று. அது இருக்கும் இடத்தை ஜாவா சர்வருக்குச் சொல்லும் ஒரு வரி விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்க்க அமைப்புக் கோப்பைத் திறந்தார். அந்த மெஷினில் குடியிருக்கும் ஆறு சைட்டுகளின் பெயர்களும் வரிசையாகத் தெரிந்தன. உரக்கடை, ஆட்டுப்பண்ணை, மீனம்பாள் படிப்பகம், வள்ளியம்மாள் மகால், இன்னும் இரண்டு.

தாண்டவராயன் குனிந்து படித்தார்.

"இந்தப் படிப்பகம் காலனியில இருக்கிறதுதான?"

"ஆமாங்க."

"அதுவும் இதே மெஷின்லயா?"

"ஆறும் இதுலதாங்க. வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. எந்தப் பேரைத் தட்டறாங்களோ அந்த சைட்டுதான் தெறக்கும்."

"வெளிய தெரியாது. எனக்குத் தெரிஞ்சுபோச்சே." தாண்டவராயன் நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டார். "வள்ளியம்மாள்ங்கறது எங்கம்மா பேரு சார். தப்பா எடுத்துக்காதீங்க. படிப்பகத்த வேற எங்கியாவது மாத்திடுங்க."

அவருடைய போன் அடித்தது. பேசியபடியே வராந்தாவுக்குப் போனார்.

வெண்மதி தன் மேசையிலிருந்து தணிந்த குரலில் சொன்னாள்: "மாத்திட்டோம்னு சொல்லிடு நைனா. அவருக்கு இன்னா தெரியப்போவுது."

தெரியப்போவதில்லைதான். ஒரு வார்த்தையோடு முடிந்துவிடும். வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுக்கலாம். ஆனால் மாற்ற வேண்டியது ஒன்று இருந்தது என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

தாண்டவராயன் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"படிப்பகம் எங்கியும் போவாதுங்க," என்றார் தனசேகரன். "வேணும்னா உங்க சைட்ட எடுத்துடறேன்."

தாண்டவராயன் திரையை நோக்கி விரலை நீட்டினார்.

"எடுத்துடு," என்றார். "இப்பவே எடு. என் கண்ணு முன்னால."

சார் போய்விட்டது. தனசேகரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். குரலை உயர்த்தவில்லை.

"எடுக்கறேன். ஆனா உங்க சைட்டுப் பேரு இந்த மெஷினத்தான் காட்டிக்கினு இருக்குது. நீங்க மொதல்ல அத வேற எடத்துக்குத் திருப்பணும். திருப்பாம எடுத்தா..."

"நீ எனக்குப் பாடம் எடுக்காத தனசேகரு. எடுன்னா எடு."

"ஒரு நிமிஷம் கேட்டுக்கினீங்கன்னா..."

"எடுறியா இல்லியா?"

தனசேகரன் மகாலுக்கென்று எழுதியிருந்த ஏழு வரிகளையும் அழித்தார். மேடை, பந்திக் கூடம், மணமகள் அறை எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டு மேசையின் அந்தப் பக்கம் வைத்தார். சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டார். வரிசையில் ஐந்து பெயர்கள் இருந்தன.

தாண்டவராயன் எண்ணிப் பார்த்துவிட்டு, பென் டிரைவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். கீழே புல்லட் கிளம்பும் சத்தம் கேட்டது.

தனசேகரன் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். கோபம் வரும் என்று பார்த்தார். அலுப்புத்தான் வந்தது.

வெண்மதி போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். சட்டென்று எழுந்து அவர் பக்கம் வந்தாள்.

"நைனா. மகால் பேரைத் தட்டினா ஆயா வருது."

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

தனக்குத் தெரியாத பெயரைக் கேட்டு யாராவது வந்தால் அந்த சர்வர் திருப்பி அனுப்பாது. இன்ன சைட்டைக் காட்டு என்று குறித்து வைத்திருப்பதைத் திறந்து காட்டும். எட்டு வருஷத்துக்கு முன்பு, அதில் வேறு எதுவும் இல்லாத நாளில், தனசேகரன் படிப்பகத்தைக் குறித்து வைத்தார். அதன் முதல் பக்கம் நிறைய அவருடைய அம்மா மீனம்பாள், தலையில் துணி சுற்றி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. வள்ளியம்மாளின் கழனியில் நாற்பது வருஷம் நாற்று நட்டவள். படமும் அந்தக் கழனி வரப்பில் எடுத்ததுதான்.

"ஆவணி பூரா அங்க கல்யாணம் நைனா. பத்திரிகையிலகூட இந்தப் பேரைத்தான் போட்டிருக்காங்க."

"கூப்ட்டுச் சொல்லு. சொல்றது நம்ம கடமை."

அவள் கூப்பிட்டாள். மணி முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை இரண்டாவது மணியிலேயே அந்தப் பக்கம் துண்டித்துவிட்டார்கள்.

மூன்றாவது முறை வேண்டாம் என்று தனசேகரன் கையைக் காட்டினார்.