பார்க்கும் வேலை

“உனக்குப் பார்க்கத் தெரியுமாம்மா?” என்று வேலை வழிகாட்டி அலுவலர் கேட்டார்.

ஓவியப் பட்டத்தை நீட்டிய மிருதுளாவுக்குச் சிரிப்பு வந்தது. “வரையத்தான் சார் படிச்சேன்.”

“வரையறத மெஷின் பாத்துக்குது. பார்க்கத்தான் ஆள் இல்ல.”

மறுநாளே வேலை கிடைத்தது. எந்திரங்கள் வரைந்த படங்கள் அவள் முன்னால் வந்துகொண்டேயிருக்கும். ஒவ்வொன்றையும் பார்த்து, “மனசைத் தொட்டுடுச்சு” என்பாள். அந்தப் படங்களை விற்க ஊரெங்கும் ஓடும் விளம்பரங்களில் அவள் குரலும் கூடவே ஒலிக்கும். வீடு திரும்பினால் தூரிகையை எடுக்கத் தோன்றாது. ஆனாலும் கல்லூரியில் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்த ரெக்ஸின் படம் ஒன்றையாவது பார்க்க ஏங்கினாள். வேலையில்லாமல், இன்னும் கையால் வரைபவன் அவன் ஒருவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவனே வந்தான். “ஏய் சம்பளக்காரி, இத ஓசியில பாரு!” என்று சுருளை விரித்தான்.

படத்தில் வகுப்பறை ஜன்னலோரம் அவள் வரைந்துகொண்டிருந்தாள். கன்னத்தில் நீலச் சாயம் ஒட்டியிருந்தது. எதையோ சொல்லத் தவித்தாள். வாய் தானாகத் திறந்தது.

“மனசைத் தொட்டுடுச்சு.”

பஸ் ஸ்டாண்டிலும் பல் ஆஸ்பத்திரியிலும் விளம்பரத்தில் அவன் கேட்கும் அதே குரல்.

ரெக்ஸ் படத்தை மெதுவாகச் சுருட்டினான். படியிறங்கிப் போனான்.